கார் மேட்டுக்குக் கீழே தண்ணீர்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் பழைய காரைப் புதிதுபோல் வைத்திருப்பது எப்படி என்று ஒரு கட்டுரை வந்திருந்தது. ஷாம்பூ போட்டுக் கழுவுவது, பாலிஷ் போடுவது, டேஷ்போர்டைப் பளபளப்பாக்குவது, நிழலில் நிறுத்துவது என்று எல்லாம் இருந்தது. தப்பாக ஒன்றும் இல்லை. ஆனால் முழுக் கட்டுரையிலும் வண்டிக்குக் கீழே ஒரு தடவைகூடக் குனிந்து பார்க்கச் சொல்லவில்லையே என்றுதான் எனக்கு ஆதங்கம். நிழலில் நிறுத்தச் சொன்னதிலும் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் தூத்துக்குடிக்காரன். 2008 ஆகஸ்டில் வாங்கிய டீசல் எஸ்யூவி ஒன்று வைத்திருக்கிறேன். கம்பெனி பெயர் வேண்டாம், ஏனென்றால் நான் சொல்லப்போகும் நோய் ஒரு கம்பெனிக்கு மட்டும் உரியதில்லை. சேஸிஸைத் தனியாகச் செய்து அதன்மேல் பாடியை உட்கார வைத்த அந்தக் காலத்து உயரமான வண்டிகளை வைத்திருக்கும் நண்பர்கள் எல்லோரும் இதே கதையைத்தான் சொல்கிறார்கள். இரண்டு லட்சத்து எண்பதாயிரம் கிலோமீட்டர் ஓடிவிட்டது, இன்றைக்கும் சாவியைத் திருப்பினால் முதல் தடவையிலேயே இன்ஜின் பிடிக்கும். இந்த வண்டி சாவதென்றால் தகரத்தால்தான் சாகும், இன்ஜினால் இல்லை என்பது எனக்கு உறைக்கப் பதினாறு வருஷம் ஆயிற்று.

முதலில் வந்தது வாசனை. "வண்டிக்குள்ள ஊறப்போட்ட சாக்கு மாதிரி நாறுது" என்று மனைவி சொன்னபோது நான் செய்த காரியம், கண்ணாடியில் ஒரு மல்லிகை சென்ட் அட்டையை வாங்கித் தொங்கவிட்டது. அப்புறம் ஒரு ஏப்ரல் மாதம், வெயில் கொளுத்துகிறது, இரண்டு மாதமாக ஒரு துளி மழை இல்லை, திருச்செந்தூர் போய்த் திரும்புகிற வழியில் அவள் சேலைக் கரை நனைந்திருக்கிறது. தண்ணீர் பாட்டில் சாய்ந்துவிட்டதா என்று தேடினோம். காலடியில் போட்டிருந்த கார் மேட்டைத் தூக்கினால் கீழே கார்ப்பெட் சொதசொதவென்று இருந்தது, கையால் அழுத்தினால் விரல் இடுக்கில் தண்ணீர் ஏறுகிறது.

மழையே இல்லாமல் முன்பக்கம் இடது சீட்டின் காலடியில் தண்ணீர் வந்தால் பெரும்பாலும் அது ஏசி தண்ணீர். ஏசி ஓடும்போது உள்ளே குளிர்ந்த காயிலில் காற்றின் ஈரம் படிந்து சொட்டும், அதை வெளியே விட ஒரு சின்ன ரப்பர் குழாய் இருக்கிறது. ஏசி போட்டு நிறுத்திய வண்டிக்கு அடியில் தரை நனைந்தால் அது நல்ல சகுனம், நனையாவிட்டால்தான் சந்தேகப்பட வேண்டும். தூசி, பூச்சிக்கூடு என்று ஏதாவது அந்தக் குழாயை அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளே திரும்பிவிடும். காற்றடித்து அதைச் சுத்தம் செய்ய மெக்கானிக் வாங்கியது நூறு ரூபாய். அந்த நூறு ரூபாய் வேலையை நான் எத்தனை வருஷம் தள்ளிப்போட்டேன் என்று எனக்கே தெரியாது. (அதே இடத்தில் வருகிற தண்ணீர் பிசுபிசுப்பாக, நிறமாக, லேசான இனிப்பு வாசனையோடு இருந்து, முன்கண்ணாடியும் உள்பக்கம் பனி பிடித்தால் அது ஹீட்டரிலிருந்து ஒழுகும் கூலன்ட். அதைத் தள்ளிப்போட்டால் இன்ஜின் போய்விடும்.)

மழைத் தண்ணீர் வருகிற வழிகள் வேறு. கதவு ரப்பர் பீடிங் காய்ந்து சப்பையாகிப்போவது எல்லோருக்கும் தெரியும். அதைச் சோதிக்க உங்கள் பத்திரிகையையே பயன்படுத்தலாம்: ஒரு துண்டு கிழித்துக் கதவிடுக்கில் வைத்துச் சாத்திவிட்டு இழுத்துப் பாருங்கள், பிடிமானமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் ரப்பர் அழுத்தவில்லை என்று அர்த்தம். ஸ்டெப்னியைப் பின்கதவில் மாட்டிய வண்டிகளில் அந்தக் கனத்துக்குக் கதவே ஒரு பக்கம் இறங்கிவிடும், அப்புறம் எத்தனை புது பீடிங் போட்டாலும் நிற்காது, கீலைத்தான் சரி பண்ண வேண்டும். கூரைமேல் கேரியர் மாட்டிய போல்ட், பின்விளக்குக்குப் பின்னால் இருக்கும் வாஷர், ஓரக் கண்ணாடியின் பசை என்று வாசல்கள் நிறைய. தண்ணீர் நுழைகிற இடமும் நாம் பார்க்கிற இடமும் ஒன்றாக இருப்பதே இல்லை, கூரையில் இறங்கி, தூண் வழியாக ஓடி, காலடியில் வந்து நிற்கும். ஒருவர் டார்ச்சோடு உள்ளே உட்கார, இன்னொருவர் வெளியே கீழிருந்து மேலாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஹோஸ் பிடிப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. எடுத்த எடுப்பில் சிலிக்கானைப் பீச்சுகிறவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள், அவர் அடைப்பது பெரும்பாலும் தண்ணீர் வெளியேறுகிற ஓட்டையாக இருக்கும்.

கதவின் அடிவிளிம்பில் சின்னச் சின்ன ஓட்டைகள் இருப்பதை எத்தனை பேர் கவனித்திருப்பீர்கள்? கண்ணாடி வழியாகக் கதவுக்குள் மழை இறங்கத்தான் செய்யும், அது கீழே வடிந்து போவதற்காகவே வைத்த துளைகள் அவை. என் வண்டியில் பின்கதவைச் சாத்தும்போது உள்ளே சளக் சளக் என்று சத்தம் வரும். பழைய சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி ஒன்றை விட்டுக் குத்தினேன். முதலில் கறுப்புச் சேறு, பிறகு தேநீர் நிறத்தில் தண்ணீர், அரை வாளிக்குக் குறையாது. அந்தத் தேநீர் நிறம் என்ன என்று நினைக்கிறீர்கள், அது என் கதவு கரைந்த நிறம்.

எங்கள் ஊருக்கென்று தனிச் சாபமும் உண்டு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்பளம். ஈர உப்பு ஏற்றிய லாரி ரோட்டில் சொட்டிக்கொண்டே போகும், பின்னால் வருகிற வண்டியின் அடிப்பாகம் முழுக்க அந்த நீர்தான். இரும்பு, தண்ணீர், காற்று மூன்றும் சேர்ந்தாலே துரு வரும், உப்பும் கலந்தால் துருப்பிடிக்க வைக்கும் நுண்ணிய மின்சாரம் நீரில் எளிதாக ஓடும், வேலை பலமடங்கு வேகமாக நடக்கும். மணப்பாடு போய்க் கடற்கரை மணலில் வண்டியை இறக்கி போட்டோ எடுத்தவர்களில் நானும் ஒருவன். வீட்டுக்கு வந்து மேலே கழுவினேனே தவிர அடியில் ஒருநாளும் தண்ணீர் அடிக்கவில்லை.

இதெல்லாம் போதாதென்று 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது ஞாபகம் இருக்கும். எங்கள் தெருவில் மூன்று நாள் தண்ணீர் நின்றது, வண்டிக்குள் சீட் உயரத்துக்கு. இன்ஜின் ஆயில், கியர் ஆயில், டிஃபரன்ஷியல் ஆயில் எல்லாம் மாற்றி வண்டி கிளம்பியதும் பிழைத்தோம் என்று இருந்துவிட்டேன். கார்ப்பெட்டை மேலாகத் துடைத்து, கதவைத் திறந்துபோட்டு நாலு நாள் வெயில் காட்டினேன். மேலே தொட்டுப் பார்த்தால் மொறமொறவென்று காய்ந்திருக்கும். அதற்கு அடியில் இரண்டு விரல் கனத்துக்கு ஒரு பஞ்சு மெத்தை இருக்கிறது, அது மாதக்கணக்கில் காயாது என்று அப்போது யாரும் சொல்லவில்லை. சீட்டுகளைக் கழற்றி கார்ப்பெட்டை முழுசாக வெளியே எடுத்து மொட்டை மாடியில் போட்டிருக்க வேண்டும். நான் அதற்குப் பதில் மேலே தடிமனாக ஒரு புது மேட் வாங்கிப் போட்டு மூடினேன், பானைக்கு மூடி போட்ட மாதிரி. ஒரு வருஷத்தில் சென்ட்ரல் லாக் தானாகத் திறந்து மூட ஆரம்பித்தது. நடுராத்திரி இரண்டு மணிக்கு வாசலில் டக் டக் என்று சத்தம், எழுந்து வந்து பார்த்தால் திருடன் இல்லை, சீட்டுக்கு அடியில் போகிற ஒயர் கனெக்டர் பச்சைக் களிம்பு பிடித்துக் கிடக்கிறது.

சரி, டிங்கர் கடைக்கு வருவோம். ஃபுட்போர்டுக்கு மேலே பெயிண்ட் அப்பளம் மாதிரி உப்பியிருந்தது. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும், அதனால்தான் பெயிண்ட் உப்புகிறது. வெளியே உப்பல் தெரிகிறதென்றால் பெரும்பாலும் உள்ளே இருந்து தின்றுகொண்டு வந்து கடைசியில் எட்டிப் பார்க்கிறது என்று பொருள். முன்பு ஒரு தடவை வேறொரு கடையில் அந்த இடத்தைச் சரி பண்ணிப் பெயிண்ட் அடித்து வாங்கியிருந்தேன், கண்ணாடி மாதிரி பண்ணிக் கொடுத்தார்கள். இந்த முறை போன இடத்தில் டிங்கர் தம்பி ஸ்க்ரூ டிரைவரை எடுத்து லேசாக அழுத்தினார், பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது. "அண்ணாச்சி, இங்க தகரமே இல்ல, பெயிண்ட் மட்டும்தான் நிக்குது" என்றார். பெயர்த்து எடுத்தால் உள்ளே செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து, அதன்மேல் பட்டியைப் பூசி, தேய்த்து, பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். (உங்கள் பத்திரிகை இல்லை, போட்டிப் பத்திரிகை.) காகிதமும் பட்டியும் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு, மிச்சம் இருந்த நல்ல தகரத்தையும் சேர்த்துத் தின்றிருக்கின்றன.

அழகு போனால் போகட்டும் என்று விட்டுவிட முடியாத இடம் அது. கார்ப்பெட்டைக் கழற்றியபோது ஓட்டுநர் சீட் பெல்ட்டின் அடி போல்ட்டைச் சுற்றி தகரம் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. அந்த பெல்ட்டை மாட்டிக்கொண்டுதான் நான் மதுரை ரோட்டில் நூறில் போயிருக்கிறேன். ஒரு மோதல் நடந்திருந்தால் பெல்ட் என்னைப் பிடித்திருக்கும், பெல்ட்டை யார் பிடிப்பது?

வேலை பன்னிரண்டு நாள், நாற்பத்தெட்டாயிரம் ரூபாய். துருப்பிடித்ததை நல்ல தகரம் தெரிகிற வரை வெட்டி எறிந்து, புதுத்தகரம் வைத்து வெல்டு செய்து, தகரத்துக்கு உள்ளே வெற்றிடமாக இருக்கும் உள்கூட்டுக்குள் மெழுகு கலந்த ஸ்ப்ரே அடித்து, அடியில் கோட்டிங். இதில் அந்த உள்கூட்டு ஸ்ப்ரேயைப் பல பேர் விட்டுவிடுகிறார்கள். வெல்டிங் சூட்டில் உள்பக்கப் பெயிண்ட் கருகிப்போகும், அங்கே ஒன்றும் பூசாமல் விட்டால் ஒட்டுப் போட்ட இடமே முதலில் துருப்பிடிக்கும். அதேபோல் துருவைச் சுரண்டாமல் அதன்மேல் தார் மாதிரி கோட்டிங் அடிப்பதும் செய்தித்தாள் வைத்தியத்துக்குத் தம்பிதான். வெல்டிங் ஆரம்பிக்கும் முன் பேட்டரி டெர்மினலைக் கழற்றினார்களா, டீசல் பைப் பக்கத்தில் போகிறதா என்று நின்று பாருங்கள், கூச்சப்படாதீர்கள்.

இன்ஷூரன்ஸில் கேட்கலாமே என்பீர்கள். எனக்கு மூன்றாம் நபர் பாலிசி மட்டும்தான். முழுப் பாலிசி இருந்தால் வெள்ளச் சேதத்துக்குக் கிடைக்கும், ஆனால் பத்து வயது தாண்டிய வண்டியில் உலோகப் பாகத்துக்குப் பாதியைத் தேய்மானம் என்று கழிப்பார்கள், ரப்பர், பிளாஸ்டிக்குக்கு எந்த வயதிலும் பாதி. நாள்பட்ட துருவுக்குச் சல்லிக்காசு கிடையாது, தானாக நாள்பட நைந்துபோவது பாலிசியில் சேராது.

அமெரிக்காவில் பனி உருகுவதற்காக ரோட்டில் உப்பைத் தூவுவார்கள். அங்கே டொயோட்டாவின் டகோமா, டண்ட்ரா பிக்கப்களிலும் செக்கோயா எஸ்யூவியிலும் சேஸிஸ் துருப்பிடித்து, உரிமையாளர்கள் சேர்ந்து வழக்குப் போட்டு, 2016-ல் அந்தக் கம்பெனி சமரசத்துக்கு வந்தது. சுமார் 15 லட்சம் வண்டிகள் அதில் வந்தன, முதலில் விற்ற நாளிலிருந்து 12 வருஷம் வரை சேஸிஸைச் சோதித்து, தேவைப்பட்டால் மாற்றித் தருவதாக ஏற்பாடு. துருவை உரிமையாளரின் தலைவிதி என்று அவர்கள் விட்டுவிடவில்லை. உப்புக்கு நடுவிலேயே குடியிருக்கிற நாம் கடைக்காரர் சொல்கிற "பழைய வண்டி சார், அப்படித்தான்" என்பதைக் கேட்டுக்கொண்டு வந்துவிடுகிறோம்.

2023 ஆகஸ்டில் பதினைந்து வருஷம் முடிந்து ஆர்.சி. புதுப்பிக்கப் போனேன். முன்பு 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலிலிருந்து 5,000. இருபது வயது தாண்டிய காருக்கு இப்போது 10,000. வாங்கட்டும், தப்பில்லை. ஆனால் நான் போன அன்று ஹெட்லைட், ஹாரன், சேஸிஸ் நம்பர் எல்லாம் பார்த்தவர்கள் யாரும் வண்டிக்குக் கீழே குனியவில்லை. நானும் குனியச் சொல்லவில்லை, பாஸானால் போதும் என்றிருந்தது. இவ்வளவு வாங்குகிற இடத்தில் வண்டியை ஐந்து நிமிஷம் தூக்கி, சேஸிஸ், ஃபுளோர், பெல்ட் போல்ட் மூன்றையும் ஒரு சுத்தியலால் தட்டிப் பார்த்து எழுதிக் கொடுத்தால் என்ன? பழைய வண்டி வாங்குகிறவருக்கும் அந்தத் தாள் உதவும். வெள்ளத்தில் கிடந்த எத்தனை வண்டிகள் இன்றைக்குப் பளபளவென்று கைமாறிக்கொண்டிருக்கின்றனவோ. வாங்கப் போகிறவர்கள் சீட் தண்டவாளத்தின் அடியையும் பெல்ட்டை முழுசாக இழுத்து அதன் கடைசி முழத்தையும் பாருங்கள், சேற்றுக் கோட்டைக் கழுவ மறந்திருப்பார்கள். போக்குவரத்துத் துறை காதில் விழும்படி நீங்கள் ஒரு கட்டுரை எழுதினால் நல்லது.

இப்போது அந்த நிழல் வழக்கு. எங்கள் வீட்டு வாசலில் பெரிய வேப்பமரம், பதினாறு வருஷமும் வண்டி அதன் நிழலில்தான் நின்றது. வைப்பருக்குக் கீழே கறுப்பு பிளாஸ்டிக் ஜாலி ஒன்று இருக்கும், அதற்குள் ஒரு தொட்டி, தொட்டியின் இரண்டு ஓரத்திலும் தண்ணீர் போக வழி. வேப்பிலையும் பூவும் அந்த ஜாலி வழியாக விழுந்து, மக்கி, மண்ணாகி, வழியை அடைத்துவிட்டால் மழைத் தண்ணீர் ஏறி ஏசி காற்று இழுக்கிற துவாரம் வழியாக உள்ளே வந்துவிடும். டிங்கர் தம்பி ஜாலியைக் கழற்றிவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். உள்ளே நாலு கை மண், அதில் ஒரு வேப்பங்கன்று முளைத்து நாலு இலை விட்டிருக்கிறது. பிடுங்கி எறிய மனம் வரவில்லை, கடையில் கிடந்த பெயிண்ட் டப்பாவில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். அது நிழலில் இருக்கிறது. வண்டி வெயிலில் நிற்கிறது.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்,
தூத்துக்குடி