சுகி மரமும் சப்பத் தண்ணியும்

அன்புள்ள அம்மிணிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. அப்பத்தா காலையும் மாலையும் திண்ணையில் உட்கார்ந்து உன்னைப் பற்றித்தான் கேட்கிறார்கள்.

போன வாரம் நீ மூக்கை உறிஞ்சிக்கொண்டே பேசினாய். ஜப்பானில் காடு காடாக நிற்கிற ஊசியிலை மரமான சுகியின் மகரந்தம்தான் காரணம் என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னாய். அப்புறம், "நம்ம வாசல்ல நீங்க வளர்க்கறீங்களே, அதே மரந்தாம்ப்பா" என்றாய். அன்று ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. மகரந்தத்தை நினைத்து மட்டும் இல்லை. உன்னிடம் ஒன்றை மறைத்திருக்கிறேன். போனில் அதைச் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

வீடியோவில் நீ பார்க்கிற மரம் நீ வாங்கிக் கொடுத்தது இல்லை. அது செத்துப் போய்க் கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் ஆகிறது.

நீ ஜப்பானுக்குக் கிளம்பும் முன்னால் குன்னூர் போய், முழங்கால் உயரத்தில் கறுப்புப் பையோடு வாங்கி வந்தாயே, அதை ஆடி மாதம் தொட்டிக்குப் பக்கத்தில் குழி எடுத்து நானேதான் வைத்தேன். தென்னம்பிள்ளைக்குச் செய்வது போல இதற்கும் செய்தேன். ரெண்டடிக் குழி, கட்டுத்தரைக் குப்பை, போர்த்தண்ணிச் சொட்டு. ஐப்பசி மழையில் பளபளவென்று இருந்தது. மாசியில் இலை நுனி பழுப்பேறியது. உன்னைக் கேட்டேன். குளிர்காலத்தில் அங்கேயும் சுகி அப்படித்தான் செம்பழுப்பாகும், வெயில் வந்தால் பச்சை திரும்பிவிடும் என்றாய். நீ சொன்னது சரிதான், ஜப்பானில் அது குளிருக்கு எடுக்கிற நிறம். அன்னூரில் ஏது குளிர்? இங்கே வந்தது காய்கிற நிறம். நாற்பது வருஷமாக மண்ணைக் கிண்டுகிற நான் அதை யோசித்திருக்க வேண்டும். உன் மேல் துளியும் தப்பில்லை அம்மிணி.

சித்திரைக் கடைசியில் பிடுங்கிப் பார்த்தேன். மேல் மண் ஓடு மாதிரி இறுகி, சொட்டு விழுந்த இடத்தைச் சுற்றி வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. அடியில் ஒரே ஈரம். வேர் நுனியெல்லாம் கறுத்து, தொட்டால் தோல் மட்டும் உருவிக் கையோடு வந்தது. நம் போரில் வருவது உப்பும் சுண்ணாம்பும் கலந்த சப்பத் தண்ணி என்று தெரிந்தும் அதையே விட்டேன். நிலத்திலோ ரெண்டடி தோண்டினால் சுண்ணாம்புச் சுக்காங்கல். மலை மழையில் வளர்கிற மரத்துக்கு நான் கொடுத்தது அத்தனையும் சுண்ணாம்பு.

உன் அம்மாவிடம்கூட ரெண்டு நாள் சொல்லவில்லை. மூன்றாம் நாள் விடியற்காலை பஸ் ஏறி மேட்டுப்பாளையம், அங்கிருந்து குன்னூர். அந்த நர்சரியில் வேலை செய்யும் பெரியவர் ஒருவர் என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போய் ஒரு பெரிய மரத்தடியில் நிறுத்தினார். பட்டை செம்பழுப்பாக நார் நாராக உரிந்து தொங்கியது. கொப்பில் இலை ஊசி ஊசியாக உள்பக்கம் வளைந்திருந்தது. அடியிலிருந்து நுனிக்குத் தடவினால் பூனை முதுகு மாதிரி வழவழவென்று போகிறது, நுனியிலிருந்து அடிக்கு வந்தால் குத்துகிறது. கசக்கினால் பிசின் வாசம். "இது பேருக்குத்தானுங்க தேவதாரு, சைப்ரஸ் சாதிங்க. வேரு மேலாக்கத்தான் ஓடும். மண்ணு சூடேறக் கூடாது, சுண்ணாம்பு ஆகாது" என்றார். அந்த ஒரு பேச்சை முதலிலேயே கேட்டிருந்தால் உன் மரம் இருந்திருக்கும்.

இப்போது இருப்பது அன்று வாங்கி வந்தது. இதை நிலத்தில் வைக்கவில்லை, வைக்கவும் மாட்டேன். சிமெண்ட் தொட்டியிலும் சுண்ணாம்பு ஊறும் என்பதால் நீல டிரம்மைப் பாதியாக அறுத்து, அடியில் ஏழெட்டு ஓட்டை போட்டு, வெளியே நனைத்த சாக்கைச் சுற்றியிருக்கிறேன். செம்மண் கொஞ்சம், மக்கிய இலைச் சருகு நிறைய, மூன்று தரம் அலசி உப்பெடுத்த தென்னை நார்க்கழிவு. மேலே சருகு மூடாக்கு. இடம், வடக்குப் பக்கத்து வேம்படி. காலை வெயில் ஒன்பது மணி வரை விழும், அப்புறம் நிழல். பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேகாத்து கிளம்பினால் ஈரத்தையெல்லாம் உறிஞ்சிவிடும் என்பதால் மேற்கே தென்னந்தடுக்கு கட்டியிருக்கிறேன். தண்ணீர், சாளை வீட்டு ஓட்டிலிருந்து இறங்கும் மழைத் தண்ணி மட்டும். அதற்கென்றே ஆயிரம் லிட்டர் டேங்க் ஒன்று. ஆள்காட்டி விரலை மண்ணில் ரெண்டு கணு விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால்தான் ஊற்றுகிறேன். இப்போது என் இடுப்பு உயரம்.

கியோத்தோவுக்குப் போனபோது ஒரு படம் அனுப்பினாயே, ஒரே அடிமரத்தின் தலையில் ஏழெட்டுக் கம்புகள் நேர் நேராக நின்றது? தைசுகி என்று எழுதியிருந்தாய். அதை நான் பல தடவை பெரிதாக்கிப் பார்த்தேன். கியோத்தோவுக்கு வடக்கே கிதயாமா மலைப் பக்கத்தில் பல நூறு வருஷமாக இப்படிச் செய்கிறார்களாம். அடிமரத்தை விட்டுவிட்டு மேலே வருகிற கம்புகளை மட்டும் அறுக்கிறார்கள், திரும்பத் திரும்பத் தழைக்கிறது. ஊசியிலை மரத்தில் பெரும்பாலானவை பழங்கட்டையில் வெட்டினால் துளிர்க்காது, இது துளிர்க்கும். நாம் வெள்வேலை ஆட்டுக்குக் கழித்துவிடுகிற மாதிரி! இங்கே உட்கார்ந்துகொண்டு அந்த ஊர்க்காரர்களைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது எனக்கு. எனக்கும் நாற்பதடி மரம் வேண்டாம். டிரம்மிலேயே அடி பருத்ததும், மேலே மூன்று கம்பு விட்டுக் கழித்துவிடலாம் என்று இருக்கிறேன்.

மார்கழியில் பென்சில் நீளத்துக்கு ஆறு கொப்பு ஒடித்து மணலில் ஊன்றினேன். ரெண்டு வேர் பிடித்திருக்கிறது. ஜப்பானில் தெற்கே கியூஷூவில் இப்படிக் கொப்பு ஊன்றித்தான் காடே போடுகிறார்களாம்.

மகரந்த விஷயமும் படித்தேன். உன் கண்ணில் தண்ணி வர வைப்பது மரத்தின் குற்றமாக எனக்குப் படவில்லை. 1945-இல் சண்டை முடிந்தபின் வீடு கட்ட மரம் வேண்டும் என்று மலை மலையாகச் சுகியாகவே நட்டார்கள். அப்புறம் வெளிநாட்டு மரம் மலிவாக வந்து இறங்கியது, நட்டதை வெட்ட ஆளில்லை. அத்தனையும் ஒன்றாக முற்றி, மாசி பங்குனியில் ஒன்றாகத் தூவுகிறது. ஒரே வெள்ளாமையை ஊர் முழுக்க வைத்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாததா?

நம் மரம் சின்னது. ஆண் பூ கொப்பு நுனியில் நெல்லளவில் கொத்தாக வரும், மழைக்காலம் முடிவதற்குள் கண்ணுக்குத் தெரிந்துவிடும். வந்தால் தூவுவதற்கு முன்னாலேயே அத்தனையையும் கத்தரித்துவிடுவேன். நீ வரும்போது வாசலில் உனக்குத் தும்மல் வராது. அதற்கு மேலும் உனக்கு ஆகாது என்றால் சொல், மேலேயே விட்டுவிடுகிறேன்.

மேலே என்பது கோத்தகிரி. போன வருஷம் சித்திரை வைகாசியில் இலை மறுபடி நுனி கருகியது, சாக்கை நாலு வேளை நனைத்தும் போதவில்லை. நம் வாசலில் நின்றால் நீலகிரி நீலமாகத் தெரிகிறதல்லவா, மூன்று மணி நேரத்தில் போய்விடலாம். மேட்டுப்பாளையம் மண்டிக்குக் காய்கறி இறக்கிவிட்டு லாரிகள் காலியாகத்தான் மலை ஏறும். அப்படி ஒரு லாரிக்காரரிடம் பேசிவிட்டேன். கிட்டத்தட்ட 6,000 அடி உயரத்தில் என் பழைய சிநேகிதர் தோட்டத்தில் ஆனி வரை இருக்கட்டும், மழை பிடித்ததும் இறக்கிக்கொள்கிறேன். அம்மா, "செடிக்கு ஊட்டி சீசனா?" என்றாள். ஆனால் லாரியில் டிரம்மைச் சுற்றி வைக்க வைக்கோல் பிரி கட்டி வைத்திருப்பது அவள்தான்.

வருகிற திங்கட்கிழமை விடியற்காலை ஏற்றுகிறோம். செத்த மரத்தின் அடிக்கட்டையைத் தூக்கிப் போட மனசு வரவில்லை, அது பரண் மேல் இருக்கிறது. நீ தையில் வரும்போது காட்டுகிறேன். என் மேல் கோபம் இருந்தால் அப்போது திட்டிக்கொள்.

வெளியே போனால் மாஸ்க் போட்டுக்கொள். துணியை இந்த மாதம் முடியும் வரை வெளியே காயப் போடாதே. வீட்டுக்குள் வந்ததும் முகம் கழுவு. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அப்பா