மஞ்சப்பை கொடுத்த அக்காவுக்கு

அம்மாவுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய். 1பி1 என்கிற ஆரம்ப நிலை, கட்டி 2 செ.மீ.கூட இல்லை. கருப்பை, சுற்றியுள்ள திசு, இடுப்பு நிணநீர்க் கணுக்கள் எல்லாம் எடுக்க வேண்டும் என்றார்கள். சிறு துளைகள் போட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பிதான் வேண்டும் என்று அடம்பிடித்தது நான். ஆனால் 2018-இல் வெளிவந்த ஆய்வில், வயிற்றைத் திறந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கே நோய் திரும்புவது குறைவாக இருந்ததாம். சரி, திறந்தே செய்யுங்கள் என்றோம்.

அப்புறம்தான் மூத்திரம் வடிய வைத்த குழாயும் அதில் மாட்டிய பையும். சிறுநீர்ப்பை நரம்புகள் தேற நாளாகும் என்று வீட்டுக்கு அனுப்பும்போதும் கழற்றவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்தபோது அந்த மூத்திரப் பையோடு வராண்டாவில் நடக்க அம்மா கூசினார். பக்கத்துக் கட்டிலுக்குத் துணையாக வந்த அக்கா, சாப்பாட்டு டப்பாவை வெளியே எடுத்து வைத்துவிட்டு மஞ்சப்பையை நீட்டினார். "இதுக்குள்ள போட்டு இடுப்புக்குக் கீழயே பிடிங்கம்மா. யாருக்குத் தெரியப்போவுது?"

பெயர்கூடக் கேட்கவில்லை. நன்றி அக்கா. பை எங்களிடம்தான் இருக்கிறது.