ஃபோர்மேனும் பாடம் எடுக்கட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

டெல்டா மாவட்டக் கல்லூரிகளில் தொழில் அனுபவம் என்ற பெயரில் பெரும்பாலும் நடப்பது ஒரு மணி நேரச் சிறப்புரைதான். சென்னையிலிருந்து ஒருவர் வருகிறார், தன்னம்பிக்கை பற்றிப் பேசுகிறார். சால்வை, போட்டோ, மதியச் சாப்பாடு. முடிந்தது.

நீடாமங்கலம் பக்கம் ஒரு நவீன அரிசி ஆலையில் மேலாளராக இருக்கிறேன். வேலைக்கு வரும் பொறியியல் பட்டதாரிகள் மக்குகள் இல்லை. ரப்பர் ரோலர் இரண்டும் எதிரெதிராக, வெவ்வேறு வேகத்தில் சுற்றுவதால்தான் உமி கழல்கிறது என்று சரியாகவே சொல்வார்கள். வேகமாகச் சுற்றுவது சீக்கிரம் தேயுமே, இரண்டையும் எப்போது இடம் மாற்றிப் போடுவது என்று கேட்டால் முழிப்பார்கள். எட்டாம் வகுப்பு படித்த எங்கள் ஃபோர்மேன் ஒரு கை அரிசியை அள்ளிப் பார்த்துவிட்டு, "குருணை கூடுது, ரோலரைப் பாரு" என்பார். இதையாவது ஆலையில் பழகிக்கொள்வார்கள். ஷிப்ட் மாறும்போது எந்த மிஷின் நின்றது, ஏன் நின்றது என்று அடுத்து வருபவருக்குப் புரிகிற மாதிரி நோட்டில் நாலு வரி எழுத வராததுதான் எனக்குப் பெரிய குறை.

பல்கலைக்கழக மானியக் குழு 2022-லேயே தொழிலில் பழுத்தவர்களைக் கல்லூரியில் பாடம் எடுக்க நியமிக்க 'புரொபசர் ஆஃப் பிராக்டிஸ்' என்று ஒரு வழி திறந்துவிட்டது. தொழிலில் குறைந்தது 15 ஆண்டு அனுபவம் வேண்டும். திறமை இருந்தால் பட்டம் கட்டாயமில்லை. மொத்தப் பணியிடங்களில் 10 சதவீதம் வரை இப்படி நியமிக்கலாம். ஆனால் உயர் பொறுப்பில் இருந்தவர்களுக்கு முன்னுரிமை என்றும் சேர்த்திருக்கிறார்கள். அப்புறம் எங்கள் ஃபோர்மேனையோ, சுவாமிமலையில் சிலை வார்ப்பவரையோ யார் கூப்பிடப் போகிறார்கள்? உலோக வார்ப்பு பற்றி அவரைவிட யார் சொல்லித்தர முடியும்?

ஆலைக்காரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. பயிற்சிக்கு வரும் பையன்களை மிஷின் பக்கமே விடாமல் வைத்திருந்து, கடைசி நாளில் சான்றிதழில் கையெழுத்துப் போட்டுத் தருபவர்கள் உண்டு. கல்லூரிகளோ மே விடுமுறையில் அனுப்புகின்றன. சம்பா நெல் வந்து குவிவது தை, மாசியில். லாரி வரிசையாக நிற்கும்போது ஈரப்பதம் பார்த்துச் சரக்கு இறக்குவதை அப்போது வந்தால்தான் பார்க்க முடியும்.

வாரம் இரண்டு மதியம், ஒரு செமஸ்டர் முழுக்க, மணிக்கு இவ்வளவு என்று பேசிக் கூப்பிட்டால் எங்கள் ஃபோர்மேன் போன்றவர்கள் வருவார்கள். அந்த வகுப்புக்கு மதிப்பெண்ணும் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பையன்கள் வரமாட்டார்கள்.

இப்படிக்கு,
ஓர் அரிசி ஆலை மேலாளர்,
நீடாமங்கலம், திருவாரூர் மாவட்டம்