பிசியோதெரபிக்கு மட்டும் கைக்காசா?

ஆசிரியருக்கு வணக்கம்,

எங்க அம்மாவுக்கு முழங்கால் மாத்துற ஆபரேஷன் நடந்துச்சு, அந்தப் பெரிய பில்லை இன்சூரன்ஸ் கட்டிருச்சு, ஆனா அதுக்கப்புறம் காலை மடக்கி நீட்ட வைக்கிற பிசியோதெரபிக்கு ஒரு பைசா தரல, எல்லாம் எங்க கைக்காசுதான். கணுக்காலுக்கு அடியில டவலைச் சுருட்டி வச்சு முட்டியை அமுக்கும்போது அம்மா சேலைத் தலைப்பைக் கடிச்சுக்கிட்டுத் தாங்குவாங்க, இதைச் செய்யலன்னா மூட்டு இறுகிப்போயிடும், அப்புறம் லட்சக்கணக்குல ஆபரேஷன் பண்ணி என்னங்க பிரயோஜனம்?

நிறைய பாலிசியில டிஸ்சார்ஜுக்கு அப்புறம் 60 நாளோ 90 நாளோ ஆகுற செலவைக் குடுப்பாங்க, அதுக்கும் டாக்டர் எழுதிக் குடுத்திருக்கணும். எங்க டிஸ்சார்ஜ் சம்மரியில பிசியோதெரபின்னு எழுதலையாம், கிளெய்மைத் திருப்பிட்டாங்க. தோள் இறுக்கம், இடுப்பு வலின்னு அட்மிட் ஆகாம போறவங்களுக்கு, ஓபிடி கவர், அதாவது வெளிநோயாளி செலவுக்கான இன்சூரன்ஸ், தனியா எடுத்திருந்தாதான் உண்டு. அதனால பலபேரு வலி கொஞ்சம் குறைஞ்சதும் பாதியில நிறுத்திடுறாங்க, பார்க்கவே மனசு கஷ்டமா இருக்கு.

2021-ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல நடமாட முடியாதவங்களுக்கு வீட்டுக்கே வந்து பிசியோதெரபி குடுக்குறாங்க, நல்ல விஷயம், இது தெரியாதவங்க இன்னும் நிறைய பேரு இருக்காங்க. இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கிற ஐஆர்டிஏஐ இதுல தலையிட்டு, மூட்டு ஆபரேஷன், பக்கவாதம் ரெண்டுக்குமாவது டாக்டர் சொல்ற காலம் முழுக்க பிசியோதெரபியை பாலிசியில கட்டாயம் சேர்க்கச் சொல்லணும். ஆஸ்பத்திரிக்காரங்களும் டிஸ்சார்ஜ் அன்னிக்கே எத்தனை வாரம் வேணும்னு எழுதிக் குடுத்துடுங்க, தயவுசெஞ்சு.

இப்படிக்கு,
ஒரு வாசகி, மதுரை