பங்குனி ஆமையும் கடற்கரை விளக்குகளும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முட்டையிடக் கரையேறும் கடலாமைகளின் பொருட்டுச் சென்னைக் கடற்கரை விளக்குகளை இரவில் அணைக்கக் கூடாது என்றும், அது பொதுமக்களின் பாதுகாப்புக்குக் கேடு என்றும் சென்ற இதழில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். சில மாதங்களுக்கு முன்பு அவர் கேட்டிருந்தால் அக்கடிதத்தில் நானும் கையொப்பமிட்டிருப்பேன். என் எண்ணம் மாறியதற்குக் காரணம் படிப்போ ஆராய்ச்சியோ அன்று. ஒரு சினிமாச் சீட்டு கிடைக்காமல் போனதுதான்.

கடந்த மாசியில் ஒரு சனிக்கிழமை, கல்லூரிக் காலத்து நண்பர்கள் நால்வர் பல ஆண்டுகளுக்குப் பின் ஒன்றுகூடினோம். இரவுக் காட்சிக்கு இடம் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பெசன்ட் நகரில் சாப்பிட்டோம், பேச்சு முடியவில்லை. நீலாங்கரையில் குடியிருக்கும் நண்பரை வீட்டில் விடப் போனவர்கள், சற்று நேரம் காற்று வாங்கலாம் என்று மணலில் இறங்கினோம். நள்ளிரவு நெருங்கும் அவ்வேளையில், கல்லூரி மாணவர்கள் போலத் தெரிந்த சிலர் டார்ச் விளக்குகூட இல்லாமல் அங்கே கூடி நின்றனர். விசாரித்தபோது, ஆமை முட்டைகளைத் தேடிப் பெசன்ட் நகர் வரை ஏறத்தாழ 7 கிலோமீட்டர் நடக்கப் போவதாகச் சொன்னார்கள். 1970-களில் ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கர் முதலியோர் தொடங்கிவைத்த இந்த நடையை 1980-களின் இறுதியிலிருந்து மாணவர்களே அமைப்பாகத் திரண்டு நடத்திவருகிறார்களாம். திருவான்மியூரில் முப்பது ஆண்டுகளாகக் குடியிருக்கும் எனக்கு இது அன்றுதான் தெரியும் என்பதைச் சற்று வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

நாங்களும் உடன் நடந்தோம். முதலில் கண்டவை கண் பிதுங்கிக் கரையொதுங்கிக் கிடந்த இரண்டு ஆமைகள். ஆமை காற்றைச் சுவாசிக்கும் உயிரினம் ஆதலால், இழுவலையில் சிக்கி மேலே வர முடியாமல் போனால் கடலிலேயே மூச்சுமுட்டிச் செத்துவிடுகிறது. 2025 ஜனவரியில் இக்கரையில் நூற்றுக்கணக்கில் ஒதுங்கியவற்றை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். உயிருள்ள ஆமையைக் காண்பது அரிது, பல இரவுகள் வெறுமனே நடந்து திரும்பியிருக்கிறோம் என்று அம்மாணவர்கள் எங்களை முன்கூட்டியே சமாதானப்படுத்தினார்கள்.

கொட்டிவாக்கத்தைத் தாண்டியிருப்போம். சிறிய டிராக்டர் ஒன்று கடலிலிருந்து ஏறி வந்தது போல ஈர மணலில் ஒரு தடம். முன்னே சென்ற மாணவி கையை உயர்த்தி எல்லாரையும் நிறுத்தினார். ஏறிய தடம் இருந்தது, இறங்கிய தடம் இல்லை. அப்படியானால் ஆமை இன்னும் கரையில்தான் இருக்கிறது. செல்பேசியை எடுத்த நண்பரை அவர், "அங்கிள், வேண்டாம்" என்று மெல்லத் தடுத்தார். முட்டையிடத் தொடங்குமுன் வெளிச்சம் பட்டால் ஆமை அப்படியே கடலுக்குத் திரும்பிவிடுமாம். இருட்டில் குந்தியிருந்து, குழி தோண்டி முடியும் வரை காத்திருந்து, பிறகு பின்புறமாக நெருங்கிப் பார்த்தோம். மீனவர்கள் பங்குனி ஆமை என்றழைக்கும் அந்த ஆலிவ் ரிட்லி இனக் கடலாமை, குடுவை வடிவக் குழிக்குள் பிங்பாங் பந்து போன்ற முட்டைகளை இரண்டும் மூன்றுமாக இட்டுக்கொண்டிருந்தது. முடிந்ததும் பின்துடுப்புகளால் மணலைத் தள்ளி மூடி, தன் உடலையே தூக்கித் தூக்கிப் போட்டு அந்த இடத்தை இறுக்கியது. மண் அதிர்வதை உள்ளங்காலில் உணர்ந்தோம். அது கடலுக்குள் போய் மறையும் வரை எங்களில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நால்வரில் இருவர் ஓயாமல் பேசுகிறவர்கள். முட்டைகளைப் பாதுகாப்பாகப் புதைத்துப் பொரிக்கவைக்கும் பொரிப்பகத்துக்கு எடுத்துச் செல்வதற்காக மாணவர்கள் எண்ணியபோது முட்டைகள் 112 இருந்தன.

இனி விளக்குக்கு வருகிறேன். இயற்கையான இருளில் நிலத்தைவிடக் கடலின் தொடுவானமே வெளிச்சமாகத் தெரியும் என்பதால், பொரித்த குஞ்சுகள் வெளிச்சத்தை நோக்கிச் சென்றே கடலை அடைகின்றன. நம் விளக்குகள் அந்தக் கணக்கைப் புரட்டிவிடுகின்றன. மாணவர்களின் கண்ணில் படாமல் தப்பிய குழிகளிலிருந்து வெளிவரும் குஞ்சுகள் சாலைப் பக்கம் ஏறி, நாய்க்கும் சக்கரத்துக்கும் இரையாகின்றன.

வாசகரின் பாதுகாப்புக் கவலையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் சாலை விளக்குகளை அணைக்கும்படி யாரும் கேட்கவில்லை. மணல்மீது நேராக வீசும் உயர்கோபுர விளக்குகளைத்தான், அதுவும் ஜனவரி முதல் மே வரை, இரவு 11 மணிக்கு மேல் அணைக்கக் கோருகிறோம். அந்நேரத்தில் மணலில் அமர்ந்திருப்போரைக் காவலர்களே எழுப்பி அனுப்பிவிடுகிறார்கள். அதன்பின் அவ்விளக்குகள் யாருக்காக எரிகின்றன? மின்துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற எங்கள் நண்பரோ, இதற்கு ஒரு டைமரும், சாலை விளக்குகளுக்குக் கடல் பக்கமாக ஒரு தகட்டு மறைப்பும் போதும் என்கிறார்.

நாற்பத்தெட்டாம் நாள் குஞ்சுகள் பொரித்துவிட்டதாகத் தகவல் வந்து, நால்வரும் மீண்டும் சென்றோம். மாலை மங்கியதும் அலைக்குச் சற்று முன்னால் அவற்றை விட்டார்கள். அவை கடலை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கையில் எங்கள் முதுகுக்குப் பின்னால் உயர்கோபுர விளக்கு எரியத் தொடங்கியது. சில குஞ்சுகள் நின்று, எங்கள் கால்களை நோக்கித் திரும்பி வரத் தொடங்கின. மாணவர் ஒருவர் முழங்கால் அளவுத் தண்ணீரில் இறங்கி நின்று, டார்ச் விளக்கைக் காட்டி அவற்றைக் கடலுக்கு அழைத்துக்கொண்டிருந்தார்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
திருவான்மியூர், சென்னை.