படி எத்தனை, கழிப்பறை எங்கே என்று விளம்பரத்தில் போடுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சில வாரங்களுக்கு முன் இந்தப் பகுதியில் ஒரு வாசகர், வயதானவர்களை ஆர்க்டிக் பக்கம் அழைத்துப்போவது காசுக்கும் கேடு, உடம்புக்கும் கேடு என்று எழுதியிருந்தார். பாதி சரி. மீதிப் பாதிக்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் சிங்கப்பூரில் 31 ஆண்டுகள் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவன். வயது 68. மனைவிக்கு வலது முட்டியில் அறுவை சிகிச்சை ஆகி இரண்டு வருடம். இந்த மார்ச் பள்ளி விடுமுறையில் மகளும் பேரனும் எங்களை நார்வேயில் உள்ள ட்ரோம்ஸோவுக்குக் கூட்டிப்போனார்கள். ஆர்க்டிக் வட்டத்தையும் தாண்டி வடக்கே சுமார் 350 கிலோமீட்டர். அங்கே அப்படி என்னம்மா இருக்கு என்று கேட்டேன். வானத்துல பச்சை வெளிச்சம்பா என்றாள். துருவ ஒளி என்பார்களே, அதுதான்.

முதல் இரவே அந்த வெளிச்சத்துக்காக ஒரு பெரிய பேருந்தில் இடம் பிடித்திருந்தாள். கிளம்பும் முன்பே இங்குள்ள ஒரு பயண முகவரிடம் பணம் கட்டியாயிற்று, பெயர் வேண்டாம். 'கண்டிப்பாகப் பார்க்கலாம்' என்று துண்டுப் பிரசுரத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. மேகத்துக்கு அது எப்படித் தெரியும்?

இரவு 9 மணிக்கு ஏறினோம். நாற்பது பேர். முதல் படியே தரையிலிருந்து முழங்கால் உயரம். நான் கடைசியாக ஓட்டியது தாழ்தளப் பேருந்து. சக்கர நாற்காலியில் வருபவருக்குப் பலகையை விரித்துக் கொடுப்பேன், கைத்தடி ஊன்றி வருபவரைக் கண்டால் வண்டியையே நடைபாதைப் பக்கம் கொஞ்சம் சாய்த்துக் கொடுப்பேன். அப்படிப் பழகியவன், என் மனைவியை இரண்டு பேர் கைத்தாங்கலாக ஏற்றி இறக்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நான்கு இடத்தில் நிறுத்தினார்கள். நான்காவது இடத்தில், "நான் எறங்கலைங்க, நீங்க பாத்துட்டு வந்து சொல்லுங்க" என்றாள். வந்து சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. விடுதிக்குத் திரும்பும்போது மணி இரண்டரை. வாசகர் சொன்னது இதைத்தான் என்றால், நானும் சேர்ந்து கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரு நாள் ஓய்வெடுத்தோம். அப்புறம் மகள் வேறொரு ஏற்பாடு செய்தாள். எங்கள் நாலு பேருக்கு மட்டும் ஒரு வேன், ஓட்டுநரே வழிகாட்டி, காலை ஒன்பதரைக்கு ஏற்றி மதியம் இரண்டு மணிக்கு விடுதி வாசலில் இறக்கிவிடுவார். விலை தலைக்கு இல்லை, வண்டிக்கு. மலிவு என்று சொல்ல மாட்டேன். ஆனால் நாலு பேருக்கும் பேருந்துக்குக் கட்டியதைக் கூட்டிப் பார்த்தால், வித்தியாசம் நாங்கள் பயந்த அளவுக்கு இல்லை. அந்த நாலரை மணி நேரத்தைத்தான் என் மனைவி இன்றும் அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். பச்சை வெளிச்சத்தைப் பற்றி யாரும் கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறாள்.

ட்ரோம்ஸோ நகரம் ஒரு சின்னத் தீவில் இருக்கிறது. அதன் அடியில் பாறையைக் குடைந்து சாலை போட்டு, சுரங்கத்துக்குள்ளேயே ரவுண்டபவுட்டும் வைத்திருக்கிறார்கள். இத்தனை வருடம் ஓட்டியும் மண்ணுக்கடியில் ரவுண்டபவுட் பார்த்தது அன்றுதான். வெளியே வந்து ஒரு நீண்ட பாலத்தைக் கடந்தால் குவாலோயா தீவு. பெயருக்குத் திமிங்கிலத் தீவு என்று அர்த்தமாம். பேரன் கைப்பேசியில் பார்த்துவிட்டு, "தாத்தா, இது நம்ம சிங்கப்பூர் சைஸ்தான்" என்றான். உண்மைதான், அதன் பரப்பு 737 சதுர கிலோமீட்டர். நம்முடையதும் கிட்டத்தட்ட அதே அளவு. ஆனால் நம் புக்கிட் தீமா குன்று 164 மீட்டர். அங்கே மிக உயர்ந்த மலை 1,044 மீட்டர், அதுவும் கடலை ஒட்டி நிமிர்ந்து நிற்கிறது. நம் தீவில் எத்தனை லட்சம் பேர் நெருக்கியடித்து இருக்கிறோம். அங்கே பத்து நிமிடம் ஓட்டினால் ஒரு வீடு, அதன் வாசலில் பனியில் பாதி புதைந்த ஒரு சைக்கிள்.

எனக்குக் காட்சியைவிடச் சாலைமேல்தான் கண். டயரில் சின்னச் சின்ன ஆணிகள் பதித்திருக்கிறார்கள். வெறும் தார் தெரிகிற இடத்தில் சடசடவென்று சத்தம், பனி வந்ததும் அடங்கிவிடும். சத்தம் மாறுவதை வைத்தே கீழே இருப்பது தாரா, பனியா, கண்ணாடி மாதிரி உறைந்த தண்ணீரா என்று சொல்லிவிடலாம் என்றார் ஓட்டுநர். சாலையின் இரண்டு ஓரத்திலும் வரிசையாக ஆளுயரக் குச்சிகள் நட்டிருந்தன. பனி மூடிவிட்டால் சாலை எங்கே முடிகிறது, கடல் எங்கே தொடங்குகிறது என்று காட்ட அவைதான். ஒற்றை வண்டி மட்டும் போகும் இடங்களில் 'எம்' என்று ஒரு பலகை, அங்கே ஒதுங்கி எதிரே வருபவருக்கு வழிவிட வேண்டும். இறக்கத்தில் அந்த மனிதர் பிரேக்கைத் தொட்டதாகவே தெரியவில்லை. கியரைக் குறைத்து எஞ்சினாலேயே வண்டியைப் பிடித்து இறக்கினார். நான் கவனிக்கிறேன் என்று தெரிந்ததும், நீங்களும் ஓட்டுநரா என்று கேட்டார். அதற்கப்புறம் எங்கள் இருவருக்கும் பேச்சு ஓயவே இல்லை, பின்னால் இருந்தவர்களுக்குத்தான் கொஞ்சம் சலிப்பு.

இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், நம் இளைஞர்கள் பலர் அங்கே வாடகைக் கார் எடுத்துத் தாங்களே ஓட்டுகிறார்கள். வழியில் ஒரு கார் பள்ளத்தில் மூக்கைக் குத்தி நின்றதைப் பார்த்தோம். படம் எடுக்க நடுச்சாலையில் நிறுத்துகிறவர்களும் உண்டு. மழையில் நன்றாக ஓட்டுவேன் என்பது உறைபனியில் ஓட்டுவதற்குத் தகுதி ஆகாது. நானே அங்கே சக்கரத்தைத் தொட மாட்டேன்.

முதலில் எர்ஸ்ஃபியோர்ட் என்ற இடத்தில் நிறுத்தினார். இரண்டு பக்கமும் மலை, நடுவே கடல் உள்ளே நீண்டு வந்து முடிகிறது. ஒரு காலத்தில் பனியாறு அரைத்து அரைத்துத் தோண்டிய பள்ளத்தில் பிறகு கடல் புகுந்ததுதான் ஃபியோர்ட். ஏரி முழுக்க உறைந்து கிடக்கிற ஊரில் கடல் மட்டும் உறையவில்லை. அட்லாண்டிக்கிலிருந்து வரும் வெதுவெதுப்பான நீரோட்டம் அந்தக் கரையோரமாகவே வடக்கே போவதால் அப்படி. வெதுவெதுப்பு என்றதை நம்பி மனைவி விரலை வைத்துப் பார்த்தாள். நாலைந்து டிகிரி இருக்கும். தூக்கிவாரிப் போட்டது.

மலைக்கணவாயைத் தாண்டியதும் சாலையில் பனிமான்கள். ஏழெட்டு இருக்கும். ஓட்டுநர் எஞ்சினை அணைத்துவிட்டார், ஹாரன் அடிக்கவே இல்லை. குளிர்காலக் கடைசியில் அவற்றுக்கு உடம்பில் தெம்பு குறைவு, விரட்டி ஓடவிட்டால் அதுவும் போய்விடும் என்றார். ஒன்று குளம்பால் பனியைப் பறித்துப் பறித்து, அடியில் இருந்த பாசியை மேய்ந்தது. கொம்போடு நின்றவை எல்லாம் அநேகமாகப் பெட்டைகளாம். கிடாக்கள் குளிர்காலத் தொடக்கத்திலேயே கொம்பை உதிர்த்துவிடும். இவை காட்டு மான்களா என்று மகள் கேட்டதற்கு, இல்லை, 'சாமி'க்குச் சொந்தம் என்றார். அங்குள்ள பூர்வகுடி மக்களின் பெயர் சாமி. என் மனைவிக்கு ஆங்கிலம் அரைகுறை. கோயில் மாட்டைப் பார்ப்பது மாதிரி மரியாதையாகத் தலையாட்டினாள். பேரன் விளக்கிச் சொன்ன பிறகும், "ஏதோ ஒரு சாமிக்குத்தானே" என்று முடித்துவிட்டாள்.

ஒரு மீனவர் குடியிருப்பை நெருங்கும்போது வேனுக்குள் வாடை வந்தது. "என்னங்க, கருவாடு!" என்றாள். மரச்சட்டங்களில் தலை வெட்டிய காட் மீன்களை வாலோடு வால் கட்டி, இரண்டிரண்டாகத் தொங்கவிட்டிருந்தார்கள். உப்பே போடுவதில்லை. குளிர்காற்றே காயவைக்கிறது, வெயில் ஏறி ஈ வருவதற்குள் காய்ந்துவிட வேண்டும், அதனால்தான் இந்த மாதங்களில் தொங்கவிடுகிறார்கள். தலைகளைத் தனியே கோத்துக் காயவைத்து நைஜீரியாவுக்கு அனுப்புகிறார்களாம், அங்கே குழம்புக்குப் போட. மனைவி கிட்டே போய் ஒரு மீனை விரலால் தட்டிப் பார்த்தாள். கட்டை மாதிரி சத்தம் வந்தது. அவள் பிறந்தது நாகப்பட்டினம். முட்டி வலியை மறந்து கால் மணி நேரம் நின்றது அங்கேதான். நாற்பது பேர் பேருந்து அதற்கெல்லாம் நிற்குமா?

கடைசியாக சொம்மரோய் என்ற குட்டித் தீவு. அதற்குப் போகும் பாலம் ஒரு வண்டி அகலம்தான். எதிரே ஒன்று ஏறிவிட்டால் இந்தப் பக்கம் காத்திருக்க வேண்டும். மணல் வெள்ளை வெளேரென்று இருக்கிறது, சிப்பியும் பவளமும் பொடிந்த மணல். நம் ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் நாம் நடப்பது கடலைத் தூர்த்த நிலம், இங்கே கடலே கொண்டுவந்து கொட்டியிருக்கிறது. எதிரே ஹோயா என்ற கூர்மையான பாறைத்தீவு. வேன் கதவைத் திறந்துவைத்து, மனைவியை இருக்கையிலேயே கடலைப் பார்த்து உட்காரவைத்தோம். விடுதிச் சமையலறையில் கிளறிக் கட்டிய புளிச்சோற்றைப் பிரித்தோம். ஓட்டுநருக்கும் ஒரு தட்டு. சாப்பிட்டு முடித்தவர் கறிவேப்பிலையை மட்டும் தட்டோரத்தில் ஒதுக்கி வைத்திருந்தார். அதை யார் அவருக்குச் சொல்லிக்கொடுத்தார்களோ!

இந்தச் சொம்மரோய்தான் 2019இல் 'நேரமே இல்லாத தீவு' என்று உலகச் செய்திகளில் அடிபட்டது. கோடையில் இரண்டு மாதம் சூரியன் மறைவதில்லை, அதனால் கடிகாரத்தையே ஒழிக்கப் போகிறோம் என்று தீவுவாசிகள் கேட்டதாகச் செய்தி. பாலத்துக் கம்பியில் கைக்கடிகாரங்களைக் கட்டித் தொங்கவிட்ட படமும் வந்தது. பிறகு பார்த்தால், சுற்றுலாவுக்காக அரசு நிறுவனமே பின்னால் இருந்து நடத்திய விளம்பரம். 31 ஆண்டு நிமிடக் கணக்கில் வாழ்ந்தவன் நான், அதைப் படித்து உண்மையிலேயே பொறாமைப்பட்டிருந்தேன்.

ஓட்டுநர் போகிறபோக்கில் ஒன்று கேட்டார்: நிலநடுக்கோட்டில் இருக்கும் உங்களுக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம்? பேரன் பதில் வைத்திருந்தான். வட துருவப் பகுதி நாடுகள் கூடிப் பேசும் ஆர்க்டிக் மன்றத்தில் சிங்கப்பூர் 2013 முதல் பார்வையாளர் நாடு. மைலோ கிளாஸில் மிதக்கும் ஐஸ் உருகினால் கிளாஸ் வழியாது, ஆனால் கிரீன்லாந்தில் தரைமேல் கிடக்கும் பனி உருகினால் கடல் உயரும். நம் நிலத்தில் ஏறக்குறைய 30 விழுக்காடு, சராசரிக் கடல்மட்டத்திலிருந்து 5 மீட்டர்கூட உயரம் இல்லாதது. ஓட்டுநர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது, மறைப்பானேன்.

இனி என் வேண்டுகோளுக்கு வருகிறேன். உங்கள் நாளிதழிலும் பயண விளம்பரங்கள் வருகின்றன. எல்லாவற்றிலும் அதே பச்சை வானம். ஏறும் படி எத்தனை, என்ன உயரம், வண்டியில் எத்தனை பேர், தலைக்கு விலையா வண்டிக்கு விலையா, பனியில் சாலையை மூடிவிட்டால் பணம் திரும்புமா, நினைத்த இடத்தில் நிறுத்துவார்களா, இதையெல்லாம் முகவர்கள் போட வேண்டும் என்று நீங்கள் கேட்கக் கூடாதா? முக்கியமாகக் கழிப்பறை. அந்தக் கரையோரத்தில் ஒதுங்கக்கூட மரம் இருக்காது. நீரிழிவுக்காரர்களுக்கு அது என்ன பாடு என்று நான் சொல்லத் தேவையில்லை. எங்கள் ஓட்டுநர் கிளம்பும்போதே வழியில் எந்தெந்தக் கடை திறந்திருக்கும், அடுத்தது எத்தனை நிமிடத்தில் வரும் என்று சொல்லிவிட்டார். அதைக் கேட்ட பிறகுதான் மனைவி தண்ணீரே குடித்தாள்.

பெற்றோரை அழைத்துப்போக நினைக்கும் பிள்ளைகளுக்கு: மார்ச் மூன்றாம் வாரம் அங்கேயும் பகல் ஏறத்தாழ நம்மைப் போலப் பன்னிரண்டு மணி நேரம், பனியும் இருக்கும். நவம்பர் கடைசி முதல் ஜனவரி பாதி வரை சூரியன் எழுவதே இல்லை. அப்போது போனால் இப்படிப் பகல் முழுக்கக் காட்சி கிடைக்காது. காலணிக்கு அடியில் மாட்டும் ஆணிப்பட்டையை அங்கே போனதும் வாங்கிவிடுங்கள், அது இல்லாமல் அம்மாவை வண்டியிலிருந்து இறக்காதீர்கள்.

கடிதம் நீண்டுவிட்டது, மன்னிக்கவும். இடம் போதவில்லை என்றால் புளிச்சோற்றுக் கதையை வெட்டிவிடுங்கள், கழிப்பறை விஷயத்தில் மட்டும் கைவைக்காதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர்,
தோ பாயோ