ரேசர பாத்ரூம்ல வைக்காத கண்ணு

கண்ணு,

நேத்து நீ அனுப்புன போட்டோவ பெருசு பண்ணி பாத்தேன். கன்னத்துல இருக்கற வெட்டு கூட ஆறிரும், அந்த பிளேடு ஓரத்துல செம்மண் கலர்ல பொட்டு பொட்டா நிக்குதே அதான் எனக்கு பொறுக்கல. அம்மா பாத்த உடனே டெட்டனஸ்னு ஆரம்பிச்சுட்டா, துருவுல இல்லடி அது மண்ணுல சாணில இருக்கற கிருமின்னு சொன்னா காதுலயே போட்டுக்கல, கடைசியா எப்ப டிடி ஊசி போட்டேன்னு நீயே போன் பண்ணி சொல்லிரு, அப்பதான் எனக்கு இங்க சோறு.

ஸ்டெயின்லெஸ்னு போட்டிருக்கு அப்பறம் எப்படிப்பா துருன்னு கேட்டியே. லேட்டா புடிக்கும், அவ்ளோதான். அந்த ஸ்டீல்ல 13 சதவீதம் போல குரோமியம் இருக்கும், காத்து பட்டா அது கண்ணுக்கு தெரியாத தோல் மாதிரி மேல படிஞ்சு இரும்ப காப்பாத்தும். ஆனா கூர் நிக்கணும்னு கார்பனும் சேத்து கெட்டியாக்கறாங்க, அதனால எவர்சில்வர் டம்ளர் அளவுக்கு தாங்காது. அந்த தோலுக்கு எமன் உப்பு. இங்க சிறுவாணி தண்ணில நான் கழுவி வச்சா ஒண்ணும் ஆகறதில்ல, நீ இருக்கறது திருவான்மியூர், ஜன்னல தொறந்தா கடக்காத்து, குழாய தொறந்தா உப்பு போர் தண்ணி, அது மூடிக்கும் பிளேடுக்கும் நடுவுல சோப்போட சேந்து நிக்குது, உள்ள காத்தும் போகாது, போன தோல் திரும்ப படியவும் வழியில்ல. தினமும் சேவ் பண்றவனுக்கு துரு வர்றதுக்குள்ள பிளேடு மழுங்கிரும், உனக்கு வாரத்துக்கு ரெண்டு நாள்தான், மிச்ச நாளெல்லாம் அது ஈரத்துல ஊறுது.

ஒர்க்‌ஷாப்ல ஸ்லிப் கேஜ்னு வச்சிருப்போம், அளவு சரி பாக்கற ஸ்டீல் கட்டை, கண்ணாடி மாதிரி மினுக்கும். புதுசா சேந்த ஒரு பையன் வெறுங்கையில எடுத்து அளந்துட்டு தொடைக்காம பொட்டில வச்சுட்டு போயிட்டான், கொஞ்ச நாள் கழிச்சு பாத்தா அவன் கட்டவெரல் ரேகை அப்படியே துருவா பதிஞ்சு கெடக்கு. வேர்வைல இருக்கற உப்புதான். அன்னைல இருந்து எல்லாரும் தொடைச்சு வாசலின் பூசித்தான் மூடுவோம்.

அதனால சேவ் முடிஞ்சதும் கைப்பிடிய அரை திருகு லூஸ் பண்ணி ஓடற தண்ணில அலசு, நல்லா உதறு, அப்படியே கொண்டு வந்து ரூம்ல ஃபேன் காத்து படற எடத்துல நிக்க வை. துண்டால தொடைக்காத, தொடைச்சா கூர் போகும், இல்லன்னா வெரல் போகும். மெடிக்கல்ல சர்ஜிக்கல் ஸ்பிரிட் கெடைக்கும், ஒரு சின்ன மூடில ஊத்தி ரேசர் தலைய முக்கி எடுத்தா தண்ணியையும் இழுத்துட்டு ஆவியா போயிரும், விளக்கு அடுப்பு பக்கம் மட்டும் வேண்டாம். ஊருக்கு வர்றப்ப பத்து நாள் சும்மா கெடக்கும்னா ஒரு சொட்டு தேங்கா எண்ணெய் விட்டுட்டு வா. சன்பிளவர் எண்ணெய் விட்றாத, காஞ்சு பிசினாட்டம் ஒட்டிக்கும்.

உங்க தாத்தா காலத்து பிளேடு வெறும் கார்பன் ஸ்டீல், ராத்திரி வச்சா காலைல செவந்திரும், அவர் எண்ணெய் தடவி பிளேடு வந்த பேப்பர்லயே சுத்தி வைப்பார், அப்பறம் கண்ணாடி டம்ளர் உள்பக்கம் வச்சு தேச்சு தேச்சு மாசக்கணக்குல ஓட்டுவார். நீ அந்த அளவுக்கு கஞ்சத்தனம் பண்ண வேண்டாம். துரு இல்லன்னாலும் பிளேடு போகத்தான் செய்யும், முடிய விட ஸ்டீல் 50 மடங்கு கெட்டி, அப்படியும் முடி பட்டு ஓரம் சில்லு சில்லா பேருதுன்னு 2020ல அமெரிக்காவுல எம்ஐடி யுனிவர்சிட்டிக்காரங்க மைக்ரோஸ்கோப்புல பாத்து சொல்லியிருக்காங்க. இழுக்க ஆரம்பிச்சா மாத்திரு.

பழசை குப்பைல அப்படியே போடாத சாமி, அள்றவங்க கை. பிளேடு நுழையற மாதிரி மூடில கீறல் போட்ட பழைய டின் ஒண்ணு வச்சு அதுக்குள்ள போடு.

இப்ப ரேசர முழுசா கழட்டி பழைய டூத் பிரஷ்ல தேச்சு, மூடியோட உள்பக்கம் தெரியற மாதிரி ஒரு போட்டோ அனுப்பு. மேல் பூச்சு போயி உள்ள பித்தளை தெரியுதான்னு பாக்கணும், அது தாத்தாவோடது.

அப்பா